இரண்டு மில்லிமீட்டர்

குற்றம் சாட்டப்பட்டவர் மலேசியாவில் டெங்கில் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். சாட்சிக் கூண்டில் ஏறி நின்றார். உறுதிமொழி அச்சடித்த அட்டையை அவரிடம் நீட்டினாள் இராசேஸ்வரி. அட்டை அவள் கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் அட்டையைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க ஏம்மா பயப்படறீங்க? மாட்டிக்கிட்டவன் நானில்ல?"

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். என்ன சொல்கிறார் என்று மாஜிஸ்திரேட் மலாயில் கேட்டார். கூண்டில் நிற்பவர் சொல்வதை, அவரே பேசுவதுபோல், கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகச் சத்தியம் செய்த நாளிலிருந்து, இருபத்தாறு வருடமாக, இராசேஸ்வரி அதை மீறியதில்லை. அன்றும் மீறவில்லை. "நீங்கள் ஏன் பயப்படுகிறீர்கள், மாட்டிக்கொண்டவன் நான் அல்லவா" என்று மலாயில் சொன்னாள். இப்போது தமிழ் தெரியாதவர்களும் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அவள் கையைப் பார்த்தார்.

அது 1996 பிப்ரவரி. அவளுக்கு ஐம்பத்தொரு வயது.

கை மடியில் கிடக்கும்போது அமைதியாக இருக்கும். ஒரு காரியத்துக்கு நீட்டினால் போதும், தொடங்கிவிடும். கோப்பையைத் தூக்கினால் பாதி சட்டையில். கையெழுத்துப் போட்டால் வங்கியில் திருப்பிவிடுவார்கள். கல்யாண வீடுகளில் சாப்பிடாமல் எழுந்து வருவதற்கு அவளிடம் ஒரு டஜன் காரணங்கள் இருந்தன. குடிக்கிறாள் என்று ஒரு வக்கீல் சொன்னது அவள் காதுக்கே வந்தது. மாத்திரைகள் நான்கைந்து வருடம் உதவின, பிறகு விட்டுவிட்டன. இப்போது குரலிலும் மெல்லிய ஓர் ஆட்டம் வந்திருந்தது. நீளமான வாக்கியத்தின் கடைசியில்தான் அது தெரியும்.

இது குடும்பத்து வியாதி. அவளுடைய அண்ணன் சண்முகரத்தினத்துக்கும் இதே நடுக்கம்தான். அவர் நில அளவைத் துறையில் வரைபடம் வரைகிறவராக இருந்தார். மயிரிழைக் கோடு போடுகிற வேலை. 1978இல் ஓர் அறுவை மருத்துவர் அவர் மூளையின் இடப் பக்கத்தில் ஒரு சின்ன இடத்தைச் சுட்டுப் பொசுக்கினார். வலது கை நடுக்கம் அன்றே நின்றது. அண்ணன் அழுதார், சிரித்தார், ஒரு முழு வெள்ளைத் தாள் நிறையக் கோடுகளாகப் போட்டுக் காட்டினார். ஆனால் அளவுகோலைப் பிடிக்க இடது கையும் வேண்டுமே. இரண்டு வருடம் கழித்து மறு பக்கத்தையும் சுடச் சொன்னார். பேச்சு கொஞ்சம் கெடலாம் என்று டாக்டர் எச்சரித்தார்.

"வரைபட மேசையில நான் யாரோட பேசப் போறேன்?" என்று கேட்டார் அண்ணன். மற்றவர்களுக்குப் புரியும்படி அவர் பேசிய கடைசிப் பேச்சுகளில் அது ஒன்று.

கை இரண்டும் நின்றன. நாக்கு தடித்துப்போனது. சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து, வாய்க்குள் மாவு அடைத்ததுபோல் வந்தன. தொலைபேசியில் அவர் "ஹலோ" என்றால் எதிர்முனையில் வைத்துவிடுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுவதையே நிறுத்திவிட்டார். மனைவி மீனலோசனி இறந்த பிறகு, அவர் பேச்சு புரிகிற ஆள் உலகத்திலேயே இராசேஸ்வரி ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தான் குடியிருந்த கிள்ளான் நகரிலிருந்து, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த அவர் வீட்டுக்கு வருவாள். அந்த ஒரு நாள்தான் அவர் வாய் திறப்பார்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் கார்த்திகேசு என்று ஒருவர் வெளிநாட்டில் புது முறை படித்துவிட்டு வந்திருக்கிறார். நம் ஆள்தான். கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் செய்கிறார். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அண்ணன் தாளை எடுத்து, அச்சடித்ததுபோன்ற எழுத்தில், ஒரே வரி எழுதினார்: "ஒரு பக்கம் மட்டும்."

டாக்டர் கார்த்திகேசுவுக்கு நாற்பது வயது இருக்கும். பொறுமையானவர். அவளை ராசேஸ் அக்கா என்று கூப்பிட்டார். ஒரு தாளில் மூளையை வரைந்து, நடுவில் பாக்குபோல் இரண்டு உருண்டைகள் போட்டார்.

"இதுதான் தலாமஸ், அக்கா. இடது பக்கத்துல இருக்கிறது உங்க வலது கைக்கு. இதுக்குள்ள கடலைப்பருப்பு அளவு ஒரு இடம். நடுக்கம் அதைத் தாண்டித்தான் கைக்குப் போகுது. அங்க ஒரு கம்பி வெச்சு கரண்ட் கொடுத்தா நின்னுடும். பேட்டரி இங்க, நெஞ்சுத் தோலுக்கு அடியில."

"அண்ணாவுக்குச் செஞ்ச அதே இடமா?"

"அதே இடம்தான். ஆனா அவங்க சுட்டாங்க. சுட்டது சுட்டதுதான், திரும்பி வராது. நான் சுடமாட்டேன். கரண்ட் கூடிப்போனா குறைச்சுக்கலாம்."

"இடம் தப்பிப் போனா?"

அவர் பென்சில் முனையைப் பாக்கின் மேல் வைத்தார். "ரெண்டு மில்லிமீட்டர் பின்னாடி போனா, தொடு உணர்ச்சி இருக்கிற இடம். கை மரத்துப்போகும். வெளிப் பக்கம் போனா வாய் கோணும். கொஞ்சம் கீழே போனா நடுக்கம் அருமையா நிக்கும், ஆனா பேச்சு தடிக்கலாம். அதனாலதான் உங்களை மயக்கமாக்க மாட்டோம். நீங்க பேசிட்டே இருக்கணும். நீங்கதான் எனக்கு இடம் காட்டணும்."

"குரல்ல ஒரு ஆட்டம் வந்திருக்கு, டாக்டர். அதுவும் நிக்குமா?"

"அதுக்கு ரெண்டு பக்கமும் வைக்கணும். ரெண்டு பக்கமும் வெச்சா பேச்சே போற ரிஸ்க் கூடும்."

"அப்ப கை மட்டும் போதும்" என்றாள்.

மே மாதம் ஒரு புதன்கிழமை காலை அவள் தலையை மழித்தார்கள். நெற்றியிலும் பின்மண்டையிலும் ஊசி போட்டு, நான்கு திருகாணிகளால் ஓர் இரும்பு வளையத்தை மண்டையோடு சேர்த்து முடுக்கினார்கள். வலி பெரிதாக இல்லை. மண்டையை யாரோ இரண்டு கையாலும் பிடித்து நசுக்குவதுபோல் இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் கணக்குப் போட்டார். பிறகு துளை போடும் சத்தம். அது காதால் கேட்பதாகவே இல்லை, பல்லுக்குள்ளும் தாடைக்குள்ளும் கேட்டது.

கம்பி இறங்கியதை அவள் உணரவில்லை. மூளைக்கு வலி தெரியாதாம்.

ஒரு நர்ஸ் அட்டையும் பேனாவும் பிடித்தாள். சுருள் வரையச் சொன்னார்கள். முதல் சுருள் குருவிக்கூடு மாதிரி வந்தது. "கரண்ட் கொடுக்கறேன்" என்றார் டாக்டர். விரல் நுனிகளில் ஏதோ ஊர்ந்தது, போய்விட்டது. அவள் மறுபடியும் பேனாவை எடுத்தாள்.

கை நின்றிருந்தது.

சும்மா குறைந்ததல்ல. முற்றாக நின்றிருந்தது. சுருள் வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்றாக, ஒரு நெளிவும் இல்லாமல் வந்தது. தண்ணீர்க் கோப்பையை எடுத்து உதட்டருகே கொண்டுபோனாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நர்ஸ் கை தட்டினாள். பச்சைத் துணிக்கு மேல் டாக்டரின் கண்கள் சிரித்தன.

"இப்ப பேசுங்க அக்கா. கோர்ட்டுல சொல்ற உறுதிமொழி, மூணு மொழியிலயும்."

ஆயிரக்கணக்கான தடவை சொன்ன வாசகம் அது. வாயைத் திறந்தாள். நாக்கு எழவில்லை. 'உண்மை' என்ற சொல் 'உம்மே' என்று வழுக்கி விழுந்தது. அதன்மேல் அடுத்த சொல் சரிந்தது. அவள் நிறுத்திவிட்டாள். காதில் விழுந்தது தன் குரலே அல்ல. அது அண்ணனின் குரல்.

டாக்டர் கரண்டைக் குறைத்தார். பேச்சு தெளிந்தது, கை ஆடியது. கூட்டினார். கை நின்றது, பேச்சு போனது. மூன்று தடவை அப்படி. கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனதை அவளால் துடைக்க முடியவில்லை.

"கொஞ்சம் கீழே இறங்கிட்டேன் போல இருக்கு" என்றார். "இன்னொரு பாதை போடலாம். ரெண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, கொஞ்சம் மேலே. ஆனா கம்பியை எடுத்துட்டு மறுபடியும் இறக்கணும். ஒவ்வொரு தடவை இறக்கறப்பவும் ரத்தம் கசியற ரிஸ்க் இருக்கு, அக்கா. நூத்துல ஒன்னு, ரெண்டு."

"மாத்துங்க."

"நிச்சயமா?"

"மாத்துங்க, டாக்டர். இந்தப் பேச்சோட நான் வெளிய வரமாட்டேன்."

அவர் மாற்றினார். இந்தத் தடவை கை முழுதாக நிற்கவில்லை. கோப்பை உதட்டைத் தொடும் நேரத்தில் லேசாக ஒரு துடிப்பு. ஆனால் உறுதிமொழி மூன்று மொழியிலும் சுத்தமாக வந்தது. இதுவே போதும் என்றாள். டாக்டர் கம்பியை அங்கேயே பொருத்தினார்.

தையல் போடும்போதுதான் அவள் கேட்டாள்: "என் கை எங்க?"

"இங்கதானே இருக்கு அக்கா, போர்வைக்கு மேல" என்றார் டாக்டர்.

"இல்ல, வலது கை. அதைக் காணோம்."

நர்ஸ் அவள் வலது கையைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே காட்டினாள். விரல்கள் சோதனையில் குடித்துக் காலியான கோப்பையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. அது அவள் கைதான். ஆனால் வேறு யாருடையதோ போல இருந்தது. டாக்டர் ஊசி நுனியால் விரலைக் குத்தினார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கேனில் தெரிந்தது. பட்டாணி அளவு ரத்தக் கசிவு, கம்பிக்குச் சற்றுப் பின்னால். தொடு உணர்ச்சி இருக்கும் இடம்.

நான்காம் நாள் அண்ணன் வந்தார். மூன்று நாளும் அவர் வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போயிருந்தார். இன்று உள்ளே வந்தார். டாக்டர் கார்த்திகேசு கட்டிலருகே நின்று அவள் விரல்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதர் பதினாறு வருடமாக அந்நியர் முன்னால் பேசாமல் இருந்தால், பேசத் தொடங்கும்போது எப்படி இருக்கும் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. அண்ணன் டாக்டரைப் பார்த்துப் பேசினார். நீளமாக, உரக்க, எச்சில் தெறிக்க. அது சத்தமாக மட்டுமே இருந்தது. நர்ஸ் பின்வாங்கினாள். டாக்டர் ஒன்றும் புரியாமல் இராசேஸ்வரியைப் பார்த்தார்.

அவள் நினைத்திருந்தால் மழுப்பியிருக்கலாம். அண்ணா ரொம்பக் கவலைப்படறார் என்று சொல்லியிருக்கலாம். அந்த நினைப்பு வரத்தான் செய்தது. ஆனால் வேறு மாதிரி சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"'என் வாயை ஒருத்தன் எடுத்தான்'" என்றாள், அண்ணனே பேசுவதுபோல், ஏற்ற இறக்கமில்லாத குரலில். "'அவன் நல்லவன்தான். நீயும் நல்லவன்தான். நீ என் தங்கச்சி கையை எடுத்துட்ட. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம்னு எங்க தலைக்குள்ள குத்திப் பார்க்கறீங்க. உங்களுக்கு அது மில்லிமீட்டர். எங்களுக்கு?'"

அண்ணன் மூச்சு வாங்கினார். அவள் தொடர்ந்தாள். "இது அவர் சொன்னது. நான் சொல்றது வேற. மாத்தச் சொன்னது நான்தான்."

டாக்டர் நர்ஸை வெளியே போகச் சொன்னார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இல்ல அக்கா" என்றார். "நீங்க மாத்தச் சொன்னீங்க, ஏன்னா வேற வழி இல்லைங்கற மாதிரி நான் கேட்டேன். அந்தக் கம்பியில நாலு முனை இருக்கு, ஒன்னுக்கு மேல ஒன்னா. கீழ் முனையில கரண்ட் கொடுத்துத்தான் உங்க பேச்சு போச்சு. மேல் முனைகளை அந்தப் பாதையிலேயே சோதிச்சுப் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தா ஒருவேளை கம்பியை எடுக்கவே வேண்டியிருந்திருக்காது. நான் பார்க்கல."

அண்ணன் ஒரே ஒரு சொல் கேட்டார். அதை அவள் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"ஏன்னா... கை அப்படி நின்னதைப் பார்த்தேன்" என்றார் டாக்டர். "அதே மாதிரி நிக்கற இடம் வேணும்னு தேடிட்டேன். இது என்னோட நாலாவது கேஸ். மத்த மூணும் நல்லா வந்துச்சு."

வெளியே தாழ்வாரத்தில் சாப்பாட்டு வண்டி உருண்டு போனது. இராசேஸ்வரிக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டும் என்று காத்திருந்தாள். கோபம் வந்தது ஆகஸ்டில். வீட்டில் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது தோல் கருகும் வாடை அடித்தது. எங்கிருந்து வருகிறது என்று அறையெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் தன் வலது கையைப் பார்த்தாள். அன்று இஸ்திரிப் பெட்டியைச் சுவரில் எறிந்தாள். டாக்டரின் பெயரைச் சொல்லி, ஆளில்லாத வீட்டில், தொண்டை கட்டும்வரை திட்டினாள்.

ஆனால் கம்பி வேலை செய்தது. அறுவைக்குப் பிறகு மூன்றாம் வாரமே பேட்டரியைப் பொருத்தி இயக்கியபோது நடுக்கம் அடங்கியது. அவளால் எழுத முடிந்தது, பேனாவைப் பார்த்துக்கொண்டே இருந்தால். பார்வையை எடுத்தால் பேனா நழுவி விழும், விழுந்ததும் தெரியாது. உறுதிமொழி அட்டை இப்போது அசையாமல் நின்றது. சில மாதங்களில் அந்தக் கையில் எரிச்சல் தொடங்கியது. தொட்டால் ஒன்றும் தெரியாத கை, நீதிமன்றத்தின் ஏர்கோன் குளிர்காற்றுப் பட்டால் மட்டும் நெருப்பில் வைத்ததுபோல் எரிந்தது. கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். கிள்ளான் வெயிலில் கம்பளிக் கையுறை. யாரும் சிரிக்கவில்லை. அது ஏனோ சிரித்ததைவிட மோசமாக இருந்தது.

அடுத்த வருடம் ஒரு மத்தியானம் நூர் முகம்மது அவளைத் தேடி வந்தார். நீதிமன்றத்துக்குப் பின்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்து, தேநீர் ஊற்றுபவர். கூடவே அவர் மனைவி காத்தூன் பீவி. வழக்கு ஏதுமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"அக்கா, உங்க கை நின்னுடுச்சுன்னு சொன்னாங்க." தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். அவை மழையில் நனைந்த கோழிபோல் நடுங்கின. "தே தண்ணி ஊத்த முடியல. போன மாசம் ஒரு கஸ்டமர் மேல ஊத்திட்டேன். கல்லாவுல மட்டும் உட்காரச் சொல்றாங்க பசங்க. டாக்டர் கார்த்திகேசுகிட்ட டேட் கேட்டிருக்கேன். போலாமா? உங்க வாயால சொல்லுங்க."

வராந்தாவின் மர பெஞ்சில் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வளையம், துளை, சுருள், உறுதிமொழி, இரண்டாவது பாதை, பட்டாணி அளவு ரத்தம். டாக்டர் ஒப்புக்கொண்டதையும் சொன்னாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை. நூர் முகம்மது குறுக்கே பேசாமல் கேட்டார். காத்தூன் பீவி மெல்ல அவள் கையுறையைக் கழற்றி, அந்தக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

"நான் பிடிச்சிருக்கேன். தெரியுதாம்மா?"

"பார்த்தா தெரியுது."

"கண்ணை மூடுங்க."

அவள் மூடினாள். "இப்ப பிடிச்சிருக்கீங்களா, விட்டுட்டீங்களா?"

காத்தூன் பீவி அழுகிறார் என்பது மூச்சிலிருந்து தெரிந்தது.

"உங்களை மறுபடியும் கூப்பிட்டா போவீங்களா?" என்று நூர் முகம்மது கேட்டார்.

அவள் கண்ணைத் திறந்தாள். "தெரியல, அண்ணே. நீங்க போனா மட்டும் ஒன்னு கேளுங்க. நாலு முனையையும் சோதிச்சுப் பார்த்துட்டுத்தானே பாதையை மாத்துவீங்கன்னு கேளுங்க. நான் வேணும்னா கூட வரேன்."

"வேணாம் லா" என்றார் காத்தூன் பீவி கணவரிடம். "இருக்கிற கை ஆடிட்டாவது இருக்கட்டும். நான் ஊத்தறேன் தே தண்ணி."

நூர் முகம்மது போகவில்லை. அவர் கை வருடத்துக்கு வருடம் மோசமாகி, கடைசியில் மனைவி ஊட்டிவிடும் நிலைக்கு வந்தது. டாக்டர் கார்த்திகேசு அதற்குப் பிறகு செய்த ஒன்பது பேருக்கு ஒரு கசிவும் இல்லை என்று இராசேஸ்வரி கேள்விப்பட்டாள். இதில் யார் சரியாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி நினைப்பதை விட்டுவிட்டாள்.

1999இல் அவள் குரல் நடுக்கம் முற்றியது. ஒரு கொலை வழக்கில், சாட்சியின் பதிலை மூன்று தடவை திருப்பிச் சொல்லும்படி நீதிபதி கேட்டார், மிகவும் மரியாதையாக. அந்த வாரமே முன்கூட்டி ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்தாள். யாரோ சொல்லி டாக்டர் கார்த்திகேசு வீட்டுக்குப் போன் செய்தார்.

"அக்கா, இப்ப வர்ற கம்பி இன்னும் நல்லா இருக்கு. மறு பக்கமும் வெச்சா குரல் சரியாகலாம். இடது கையும் நிக்கும். பேச்சு கெட்டா கரண்டைக் குறைச்சுடுவேன். முழு விவரமும் சொல்றேன், வந்து கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

அண்ணன் எதிரே உட்கார்ந்திருந்தார். அந்த வருடம்தான் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டை விட்டுவிட்டு அவளோடு வந்துவிட்டார். ரிசீவரிலிருந்து கசிந்த குரலை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தாளையோ பேனாவையோ எடுக்கவில்லை. அவள் விருப்பம் என்பதுபோல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வேண்டாம், டாக்டர்" என்றாள். சொல் துண்டு துண்டாக உடைந்து வந்தது. மூச்சை இழுத்துப் பிடித்து இன்னொரு தடவை சொன்னாள். "வே-ண்-டாம். நான் சொல்றது உங்களுக்குப் புரியுதா?"

"புரியுது, அக்கா."

"அப்ப சரி" என்று சொல்லி, ரிசீவர் சரியாக உட்காரும்வரை கையைப் பார்த்துக்கொண்டே கீழே வைத்தாள்.